எதிர்க்கரை – 5: சுல்தான் கேட்டது ஒன்றே ஒன்று

பிறை ஆற்று முகத்துவாரம், 1791 ஏப்ரல். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய கோட்டைகளுக்குள் கெடா சுல்தானின் படை கிடக்கிறது. எட்டாயிரம் பேர் இருப்பார்கள், இல்லை பத்தாயிரம் என்று ஜார்ஜ் டவுனில் பேச்சு. பினாங்குத் தீவுக்கு அரிசியும் கோழியும் வந்த வழியை சுல்தான் அடைத்துவிட்டார். இந்த நேரத்தில்தான் கிழக்கிந்தியக் கும்பெனியின் கேப்டன் கிளாஸ் தலைமையில் சுமார் நானூறு பேர் இருட்டோடு இருட்டாகப் படகேறினார்கள். போன வாரம் அவர்களை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தோம்.

விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்படி ஒரு தாக்குதல் வரும் என்று கோட்டைக்குள் யாரும் நினைத்திருக்கவில்லை. கட்டைச்சுவர்கள் விழுந்தன. அடுத்த சில நாட்களில் ஆற்று வாயில் திரண்டிருந்த படகுகளையும் தீவை நிர்வகித்த பிரான்சிஸ் லைட் சிதறடித்தார். பத்தாயிரம் பேரை நானூறு பேர் விரட்டினார்கள் என்று இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். தன் தீவை வாடகைக்குக் கொடுத்த மனிதர் ஐந்தே ஆண்டுகளில் அதே தீவின் மேல் ஏன் படை திரட்டினார் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு 1786-க்குப் போக வேண்டும். கெடாவுக்கு வடக்கே சியாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன்னிலும் வெள்ளியிலும் இலை, பூவோடு சிறு மரங்கள் செய்து கெடா அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. பூங்கா மாஸ் என்று அதற்குப் பெயர். அது நட்புக்கு அடையாளம் என்றது கெடா. அடிமைக்கு அடையாளம் என்றது சியாம். அந்தப் பிடியிலிருந்து தப்பத்தான் சுல்தான் அப்துல்லா கும்பெனியைத் தேடினார். தீவைத் தருகிறேன், என் வணிக நட்டத்துக்கு ஆண்டுக்கு முப்பதாயிரம் ஸ்பானிய டாலர் கொடுங்கள், எதிரி வந்தால் ஆளும் ஆயுதமும் தந்து உதவுங்கள். பணத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சுல்தானுக்கு உயிராக இருந்தது கடைசி நிபந்தனைதான்.

கும்பெனியின் கல்கத்தா அரசு தீவை வாங்கிக்கொண்டது. படை உதவிக்கு மட்டும், மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்றது. லைட் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜூலை 17-ல் கரையிறங்கினார். ஆகஸ்ட் 11-ல் கொடியேற்றினார். பிறகு வந்த பதில், சியாமோடு பகை எங்களுக்கு வேண்டாம் என்பது. தீவைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கும்பெனியை வைத்துச் சியாமை மிரட்டலாம் என்று சுல்தானும் கணக்குப் போட்டவர்தான். ஆனாலும் தான் தர ஒப்புக்கொண்டதை அவர் தந்தார். எதிர்த்தரப்பு தரவில்லை.

பிறையில் தோற்ற பிறகு 1791 மே முதல் நாள் கையெழுத்தான உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 டாலர் என்று முடிவானது. தீவுக்கு வேண்டிய உணவுப்பொருளைக் கெடாவில் தீர்வையின்றி வாங்கிக்கொள்ளலாம். படை உதவி பற்றி ஒரு வரி கிடையாது.

கெடாவின் வணிகத் துறைகளில் அப்போது நம்மவர்கள் நெடுங்காலமாக இருந்தார்கள். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள், அவர்களோடு வந்த உழைப்பாளிகள். 1794-ல் லைட் எழுதிய அறிக்கை, தீவில் குடியேறிய சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள். இது போக, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்று ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டில் பூ வாங்கிக்கொண்டு, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, சூலியா ஸ்திரீட் பக்கம் திரும்புகிறவர் நடப்பது லைட் போட்ட சதுரத் தெருக்களுக்குள்தான். கெடாவின் உப்பைத் தின்றவர்கள் கெடா இழந்த மண்ணில் கடை விரித்தார்கள். பிழைக்க வந்தவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் தெருக்களின் கதையைச் சொல்லும்போது இந்தப் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்திலும் நம்பியவரைக் கைவிடும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கர்கள் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒஹாயோ நிலத்துப் பூர்வகுடிகள் பிரிட்டிஷாரின் துணையை நம்பிப் போரிட்டார்கள். 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் தோற்று, பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டையான ஃபோர்ட் மயாமிக்கு ஓடினார்கள். கோட்டைக் கதவு திறக்கவில்லை. அமெரிக்காவோடு போர் மூளக் கூடாது என்று உள்ளே இருந்தவர்கள் பூட்டியே வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் ஒஹாயோவின் பெரும்பகுதி பறிபோனது. ஈடாக ஆண்டுதோறும் 9,500 டாலர் மதிப்புள்ள பொருள்.

இங்கே நகர்வு கிழக்கு நோக்கி. 1800-ல் பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் எதிர்க்கரையையும் கேட்டார். காரணங்களில் பொய் இல்லை. துறைமுகத்தின் இரண்டு கரையும் ஒரே கையில் இருக்க வேண்டும். தீவில் குற்றம் செய்தவன் படகேறி அக்கரைக்குத் தப்பக் கூடாது. தீவுக்குச் சோறு போட வயல் வேண்டும். கோலா மூடாவிலிருந்து கோலா கிரியான் வரை, கடலிலிருந்து அறுபது ஓர்லோங் அகலம், அதாவது நாலரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும் ஒரு நாடா. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்றைய செபராங் பிறையின் தொடக்கம் அதுதான். வாடகை 10,000 டாலராக உயர்ந்தது. மலேசிய மத்திய அரசு இன்றும் ஆண்டுதோறும் கெடாவுக்குப் பணம் தருகிறதே, அதன் வேர் இங்கே இருக்கிறது. அந்தக் கரையோரத்தைக் கும்பெனி காக்கும் என்று எழுதினார்கள். கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாரை யார் காப்பது என்று எழுதவில்லை.

இருபத்தோரு ஆண்டுகள் அந்த வெற்றிடம் அப்படியே கிடந்தது. அரியணையில் இப்போது அகமது தாஜுதீன். சியாமின் கட்டளைக்காக 1818-ல், மனம் ஒப்பாமலே, அண்டை நாடான பேராக்கின் மேல் படையெடுத்தவர். அப்படியும் சியாமின் சந்தேகம் தீரவில்லை. பர்மாவோடு ரகசியம் பேசுகிறார் என்று புகார் போயிற்று. பாங்காக்குக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை.

1821 நவம்பர் 12. கெடா ஆற்றுக்குள் படகுகள் நுழைந்தன. சியாமுக்குக் கீழ்ப்பட்ட லிகோர் ராஜாவின் ஆட்கள். பர்மா மேல் படையெடுத்துப் போகிறோம், வழிக்கு அரிசி வேண்டும் என்றார்கள். அரிசி அளக்க ஏற்பாடு நடந்தது. கரையேறியவர்கள் ஆயுதத்தை உருவினார்கள்.

அமைச்சர்களில் சிலர் வெட்டுண்டார்கள், தலைமை அமைச்சரான பெண்டஹாரா சிறைப்பட்டார். சுல்தான் தெற்கே தப்பினார். ஊர் ஊராக மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அந்த அறுபது ஓர்லோங் நாடாவுக்குள் ஆயிரக்கணக்கில் ஓடி வந்தார்கள். துரத்தி வந்த சியாம் வீரர்களும் எல்லையைத் தாண்டினார்கள். சுல்தான் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கினார்; தன் குடும்பம் வாடகைக்கு விட்ட தீவில், அடைக்கலம் கேட்டு.

ஆளுநர் டபிள்யூ. இ. பிலிப்ஸுக்கு லிகோரிலிருந்து செய்தி வந்தது: சுல்தானை எங்களிடம் ஒப்படையுங்கள்.

ஒப்படைத்தால் வங்கக் கடல் முழுக்கக் கும்பெனியின் பெயர் கெடும். மறுத்தால், பிறைக் கரையில் ஏற்கெனவே ஏறிவிட்ட சியாம் படையை எதிர்கொள்ள வேண்டும். சண்டை வேண்டாம் என்பது கல்கத்தாவின் நிலையான உத்தரவு. பிலிப்ஸ் பதில் எழுத உட்கார்ந்தார்.

(தொடரும்)