காய்கறி பஜ்ஜியும் மல்லாட்டைச் சட்னியும்

காய்கறித் துண்டுகளைக் கடலை மாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் மாலைச் சிற்றுண்டி பஜ்ஜி. வாழைக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு, பஜ்ஜி மிளகாய் ஆகியவை தமிழகத்தில் இதற்கு வழக்கமாகப் போடும் காய்கள். விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரின் சமண உணவு நெறிப்படி பார்த்தால், இந்தப் பட்டியலில் பாதி அடிபட்டுப்போகும். தொட்டுக்கொள்ளும் சட்னியிலும் பூண்டு, வெங்காயத்துக்கு இடமில்லை.

ஊரும் நெறியும்

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. மடாதிபதிகள் வழிவழியாக லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டம் தாங்குகிறார்கள். பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய திருவுருவங்களைக் கொண்ட மல்லிநாதர் கோயிலும் ஊரின் பழைமைக்குச் சான்று. உணவைத் துறப்பதும் இப்பகுதியில் கல்லில் பதிவாகியிருக்கிறது: செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது.

இல்லறத்தாருக்கான நெறி அவ்வளவு கடுமையானதன்று. புலாலும் தேனும் கூடாது. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க வேண்டும். ஒரே கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பதால் உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, பச்சை இஞ்சி விலக்கப்படுகின்றன. காய்ந்த சுக்குக்கும் மஞ்சள்தூளுக்கும் தடையில்லை. பூச்சி ஒளிந்திருக்கும் என்று காலிபிளவரையும், விதை மிகுந்தது என்று கத்தரிக்காயையும் தவிர்ப்போர் உண்டு. எல்லாக் குடும்பங்களும் ஒரே அளவில் கண்டிப்புக் காட்டுவதில்லை. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் கட்டுப்பாடு கூடும்.

ஆக, பஜ்ஜிக்கு மிஞ்சுபவை வாழைக்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், குடைமிளகாய், பஜ்ஜி மிளகாய், ஓமவல்லி இலை. நாலு மணிக்கு அடுப்பை மூட்டினால், விளக்கு வைக்கும் முன்பே தட்டு காலியாகிவிடும்.

மாவு

ஒரு கப் கடலை மாவுக்குக் கால் கப் அரிசி மாவு என்பது வீட்டுக் கணக்கு. கடலை மாவிலுள்ள புரதம் பொன்னிறத்தையும் மணத்தையும் தரும். அரிசி மாவு மொறுமொறுப்பைக் கூட்டும். மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், கொஞ்சம் ஓமம் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கரண்டியால் தூக்கி ஊற்றினால் மாவு அறுபடாமல் விழுவதே பதம். சோடா உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும். இந்த மாவைப் புளிக்க வைக்கத் தேவையில்லை, கரைத்ததும் பொரிக்கலாம்.

பொரிப்பு

வாழைக்காயின் தோலை மேலாகச் சீவி, நீளவாக்கில் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உடனே தண்ணீரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் அதன் பால் கறுத்துவிடும். தோய்ப்பதற்கு முன் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுக்காவிட்டால் மாவு வழுக்கிக்கொண்டு போகும். பீர்க்கங்காய் நீர் விடும் காய்; அதற்கு உப்பு தடவி வைக்கவே கூடாது. ஓமவல்லி இலையைக் காம்போடு பிடித்துத் தோய்த்தால் போதும், வெந்துவிடும்.

எண்ணெயில் சொட்டு மாவை விட்டதும் அது கீழே இறங்கி உடனே மேலெழுந்தால் சூடு சரி. வெப்பமானியில் 175 முதல் 180 பாகை செல்சியஸ் காட்டும். காயிலுள்ள நீர் ஆவியாகி வெளியே முட்டுவதே பஜ்ஜியைச் சுற்றி எழும் குமிழி. அந்த ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது குறைவு. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இறங்கும். ஆகவே எடுத்தவுடன் வடிதட்டில் நிமிர்த்தி வைப்பது நல்லது. சட்டியில் ஒரேயடியாக நிறையப் போட்டால் சூடு இறங்கி மாவு ஊறிப்போகும்.

மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. ஜப்பானின் டெம்புரா, 16-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்ச்சுகீசியரின் தாக்கத்தில் உருவானது என்பது பரவலான கருத்து. தமிழக பஜ்ஜிக்கு உறைப்பு தரும் மிளகாயும், பொரிக்கும் கடலை எண்ணெயின் மூலமான வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

மல்லாட்டைச் சட்னி

செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர், சந்தையில் மணிலா. மண்ணுக்குள் விளைந்தாலும் இது கிழங்கில்லை. மண்ணுக்கு மேலே பூத்து, பூவின் அடியிலிருந்து விழுது இறங்கி, மண்ணுக்குள் காய்க்கிறது. சமணச் சமையலில் இதற்கு இடம் கிடைப்பதும் அதனால்தான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் கொத்து என்ற ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, தென்னிந்திய வயல்களில் பல பத்தாண்டுகள் நின்ற ரகம்.

அரை கப் மல்லாட்டையை வெறும் சட்டியில் நிதானமாக வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்துவிட வேண்டும். நான்கு காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து, தண்ணீர் தெளித்து அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் சட்னி தயார். மல்லாட்டையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு என்பதால் தேங்காய் இல்லாமலே சட்னி வழவழப்பாக வரும். வைக்க வைக்க இறுகும். வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

தயிர்ப் பச்சடியோடு பஜ்ஜி தின்பது நெறி தவறாதவர்களுக்கு ஆகாது. பருப்பு வகையைப் பச்சைத் தயிரோடு கலந்து உண்பதைத் துவிதளம் என்று சமண நூல்கள் விலக்குகின்றன. கடலை மாவும் பருப்புதானே. மீந்த ஈர உணவை மறுநாளுக்கு வைக்கும் வழக்கமும் இல்லாததால், சட்னியை அன்றைய அளவுக்கே அரைப்பார்கள்.

மீந்த எண்ணெய்

பொரித்த எண்ணெயை ஆறவைத்து, அடியில் தங்கிய மாவுத் துகளை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகையத் தொடங்கினால் அது கழிவு. உணவகங்களுக்கு இதில் சட்ட வரம்பும் உண்டு: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதிப்படி, 2018 ஜூலை 1 முதல், எண்ணெய் சூட்டில் சிதைவதால் உண்டாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது.