மீனுக்கும் வேண்டும் உறைமோர்

புது வீட்டுக்குக் குடி போகிறீர்கள். பால் காய்ச்சியாகிவிட்டது. மறுநாள் தயிருக்கு என்ன செய்வீர்கள்? பழைய வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தயிர் வந்திருக்கும். மறந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, 'மாமி, ஒரு கரண்டி உறைமோர் கிடைக்குமா?' என்பீர்கள். எத்தனை நல்ல பாலாக இருந்தாலும் அந்த ஒரு கரண்டி இல்லாமல் உறையாது.

மீன் தொட்டி விஷயத்தில் மட்டும் இதைக் கோட்டை விட்டுவிடுகிறோம்.

பையன் நச்சரிக்கிறானே என்று ஒன்றரை அடித் தொட்டியைத் தூக்கிவிட்டு மூன்றடித் தொட்டி வாங்குகிறோம். நல்ல காரியம்தான். புதுத் தொட்டி, புதுக் கூழாங்கல். பழைய பில்டரின் ஸ்பாஞ்ச் கருகருவென்று இருக்கிறதா, குழாயடியில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து வெள்ளை வெளேர் என்று ஆக்குகிறோம். தண்ணீர் பளிங்கு மாதிரி. மீன்களை விட்டாயிற்று. பத்தே நாள். ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளக்கிறது. பிறகு மிதக்கிறது. பையன் அழுகிறான். 'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்கிறோம்.

கடைக்காரர் பாவம். மீனைக் கொன்றது நம் சுத்தம்!

இந்த மர்மம் புரியாமல் ஒரு நகரமே விழித்திருக்கிறது. லண்டன்.

1846-ல் ஆனா தின் என்கிற பெண்மணி, டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் பெரிய பாதிரியார். வழியில் குலுங்கி அடிபடக் கூடாதே என்று ஊசி நூலால் அவற்றை ஒரு ஸ்பாஞ்சில் தைத்தே கொண்டு வந்தாராம். வந்தாயிற்று. லண்டனில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? இருந்த தண்ணீரையே வைத்துச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த ஜன்னலோரம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு டீ ஆற்றுவது போல ஆற்ற வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது அவரில்லை, வேலைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. அடுத்த வருஷம் கடற்பாசிகளும் சேர்ந்துகொள்ள, பவள உயிர்கள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பிழைத்துக் கிடந்தன.

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியல்காரர் அடுத்த அடி வைத்தார். இரண்டு தங்கமீன், வாலிஸ்னேரியா என்கிற நீர்த்தாவரம். இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. செடி மீனுக்குப் பிராணவாயு கொடுக்கிறது, மீன் செடிக்குக் கரியமில வாயு கொடுக்கிறது, கணக்கு நேர் என்று எழுதினார். பாதிக் கணக்குதான் அது. மீதியை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, கண்ணுக்கே தெரியாத சமாசாரம்.

1853-ல் ரீஜென்ட்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் 'மீன் வீடு' திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷமே பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்று புத்தகம் போட்டார். கண்ணாடி மீதான வரியை 1845-லேயே எடுத்துவிட்டதால் விலையும் மலிவு. வசதியான வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் தொட்டி வந்து உட்கார்ந்தது. பல வீடுகளில் மீன்கள் செத்து நாற, சில வருஷங்களில் மோகமும் வடிந்தது.

விடாமல் நின்றவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். கடல் உயிர்களை விற்கும் கடை வைத்திருந்தவர். 1871-ல் கிரிஸ்டல் பேலஸில் இவர் அமைத்த காட்சி சாலையின் விசேஷமே, பார்வையாளர் கண்ணில் படாத ஒன்றுதான். அடியில் இருட்டாக ஒரு பெரிய நீர்த்தேக்கம். அதிலிருந்து மேலே உள்ள தொட்டிகளுக்கும், திரும்பக் கீழேயும், அதே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றவே கூடாது என்பது அவர் கட்சி. காற்றோட்டம்தான் ரகசியம் என்று நம்பினார்.

ஐந்தே வருஷம் கழித்து, 1876-ல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு எதிரே 'ராயல் அக்வேரியம்' என்று பிரமாண்டமாக ஒன்று எழுந்தது. ஆனா தின் வீட்டு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று தண்ணீர் ஆற்றிய அதே பேட்டை! குழாயில் ஓயாத கோளாறு. பெரிய பெரிய தொட்டிகள் காலியாகவே கிடந்தன. பெயர் அக்வேரியம், உள்ளே மீன்தான் இல்லை. வந்த கூட்டத்தைத் திருப்தி செய்ய, 1877-ல் ஸாஸெல் என்கிற இளம்பெண்ணைப் பீரங்கிக்குள் வைத்துச் சுட்டு, வலையில் பிடித்து வித்தை காட்டினார்கள். 1903-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

மீதிக் கணக்கைக் காட்டியவருக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. கீவில் பிறந்து, ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி. 1890 வாக்கில் அவர் பிரித்தெடுத்துக் காட்டிய பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரையும் வேண்டாம், சோறும் வேண்டாம். அம்மோனியாவைத் தின்று உயிர் வாழும் ஜென்மங்கள்!

இப்போது உங்கள் தொட்டிக்கு வாருங்கள். மீனின் செவுள் வழியாக ஓயாமல் வெளியேறுவது அம்மோனியா. விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. அதைக் கொஞ்சம் மீன் தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் குடியிருப்பது பெரும்பாலும் தண்ணீரில் அல்ல. கூழாங்கல்லின் மேல், சுவரில், முக்கியமாக அந்தக் கருகரு ஸ்பாஞ்சில். அதைத்தான் நாம் குழாயடியில் கழுவிவிட்டோம். குழாய்த் தண்ணீரின் குளோரின் மிச்சத்தையும் முடித்துவிட்டது. புதுசாக அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் அதுவரை எங்கே போகும்?

எனவே குடிமாற்றும்போது மீனோடு மீனாக உறைமோரையும் தூக்குங்கள். பழைய ஸ்பாஞ்சை ஈரம் காயாமல், கழுவாமல், அப்படியே புதுத் தொட்டியில் ஓட விடுங்கள். பழைய கூழாங்கல்லிலும் ஒரு கை. புதுத் தண்ணீருக்குக் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து. மீன் இருக்கும் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும், புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து விடுங்கள். அன்றைக்கு விளக்கு வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

ஸ்பாஞ்ச் ரொம்பத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்கிறீர்களா? பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதிலேயே ஒரே ஒரு தடவை பிழிந்து போடுங்கள். குழாயடிப் பக்கம் மட்டும் கொண்டு போகாதீர்கள்.