காஸை வெளியே விடாத மனிதர்

எனக்குப் பத்து வயது இருக்கும். 1990களின் பிற்பகுதி. அப்பா பேர்ண் மாநிலத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். விடுமுறை நாட்களில் சில நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அப்படி ஒருநாள், அங்கிருந்த பழைய குளிரறையைத் திருத்த ஒரு சுவிஸ்காரர் வந்தார். ஒரு சின்ன இயந்திரம், ஒரு வெறும் சிலிண்டர், ஒரு தராசு. குழாயை இணைத்துவிட்டு, உள்ளே இருந்த காஸ் முழுவதையும் சிலிண்டருக்குள் இழுக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அவர் தராசைப் பார்த்தபடியே இருந்தார்.

அப்பாவுக்குப் புதினம். "ஊரில எண்டா குழாயைக் கழட்டி உஸ் எண்டு வெளியில விட்டுட்டு, புதுக் காஸ் அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்கள். இந்த மனுசன் என்னத்தைக் காவல் காக்குது எண்டு கேள்" என்றார். நான் ஜெர்மனில் கேட்டேன். வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பது நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே கிடைத்த வேலைதானே! அவர் பதில் சொல்லாமல் விரலால் மேலே காட்டினார். கூரையை அல்ல, அதற்கும் மேலே.

அந்த விரல் காட்டிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை அமுக்கித் திரும்பத் திரவமாக்கினால் வெப்பம் வெளியே போகும். பெரும்பாலான குளிரூட்டும் இயந்திரங்களுக்கு அடிப்படை இதுதான். சுற்றி ஓடும் பொருளாக எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. 1870களில் ஜெனீவாவைச் சேர்ந்த ராவுல் பிக்டே கந்தகவீரொட்சைட்டை வைத்துப் பனிக்கட்டி செய்தார். வேறு சிலர் அமோனியாவைப் பயன்படுத்தினார்கள். இரண்டும் கசிந்தால் மூச்சுத் திணறும். சமையலறையில் வைக்கப் பயமான பெட்டிகள் அவை.

1928இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளரின் குழு இதற்குப் பதில் கண்டுபிடித்தது. ஆர்-12 என்று நாம் சொல்லும் சிஎப்சி வாயு. நஞ்சில்லை, தீப்பிடிக்காது. 1930இல் மிட்ஜ்லி அறிவியலாளர் கூட்டத்தில் அதை மூச்சால் இழுத்து, ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். உலகம் கை தட்டியது. அதில் பிழை சொல்ல அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அதே காலத்தில் நமது கிரௌபுண்டன் மலைகளில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. காசநோயாளர்கள் வெயிலுக்காக வந்து தங்கும் அரோசாவில், பவுல் கோட்ஸ் என்பவர் 1921இல் ஒரு ஆய்வுநிலையம் தொடங்கினார். 1926 முதல் அங்கே தலைக்கு மேலுள்ள ஓசோனின் அளவு பதியப்பட்டது. இன்று அந்தப் பணி பக்கத்து டாவோஸில் தொடர்கிறது. உலகின் மிக நீண்ட ஓசோன் பதிவு இதுதான். ஓசோனுக்கு ஆபத்து என்று யாரும் நினைக்காத காலத்திலேயே நாளும் பொழுதும் அளந்து எழுதிவைத்தார்கள். அதனால்தான் பின்னாளில் "முன்பு எவ்வளவு இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் இருந்தது.

கேள்வி 1974இல் வந்தது. சிஎப்சி கீழே எதனுடனும் சேராது. அதனாலேயே அழியாமல் உயரப் போகிறது, அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது, வெளிவரும் குளோரீன் ஓசோனைத் தின்கிறது என்று மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் ஓட்டை அறிவிக்கப்பட்டது. 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை. வளர்ந்த நாடுகளில் 1996 முதல் சிஎப்சி உற்பத்தி நின்றது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடும். ஆனால் தொழிற்சாலையைப் பூட்டினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குளிரறைகளுக்குள் அந்தக் காஸ் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, எடுத்து, மாற்ற வேண்டும். ஆர்-12 காற்றில் கலந்தால் நூறு ஆண்டளவு இருக்கும்.

நான் இன்று நிறுவனங்களின் பழைய மென்பொருட்களைப் புதியதற்கு மாற்றும் வேலை செய்கிறேன். ஒன்றை மாற்றப் போனால் அதோடு ஒட்டிய பத்தும் கூட வரும். குளிரறையிலும் அப்படித்தான். ஆர்-12க்குப் பதிலாக ஆர்-134ஏ வந்தது. அதில் குளோரீன் இல்லை. ஆனால் பழைய கம்பிரசரில் இருந்த கனிம எண்ணெய் புதிய வாயுவில் கரையாது. எண்ணெய் குழாய்களிலேயே தங்கிவிடும், கம்பிரசர் காய்ந்து இறுகிவிடும். ஆகவே பழைய எண்ணெயை வடித்து, வேறுவகை எண்ணெய் ஊற்றி, ஓட்டி, திரும்ப வடித்து, பழையது ஏறக்குறைய இல்லாமல் போகும்வரை அதையே செய்ய வேண்டும். புது எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டியையும் மாற்றி, நன்றாக வெற்றிடமாக்கிய பிறகே நிரப்பலாம். கடைசியில் புது வாயுவின் பெயரை ஒட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்துத் திருத்த வருபவர் ஏமாந்துபோவார்.

இடைக்காலத் தீர்வாக இருந்த ஆர்-22 ஓசோனுக்குக் குறைந்த கேடு செய்தது. அதையும் 2015 முதல் சுவிஸில் பழைய இயந்திரங்களுக்கு நிரப்ப முடியாது. ஆர்-134ஏயும் முடிவான பதில் இல்லை. அது ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,400 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 2016இல் கிகாலியில் அந்த வகை வாயுக்களையும் குறைக்க உலகம் ஒப்புக்கொண்டது. இன்று மிக்ரோ, கோப் கடைகளின் குளிர்ப்பெட்டிகள் பலவற்றில் ஓடுவது காபனீரொட்சைட்டு. ஒரு காலத்தில் கைவிட்ட பழைய பொருள் திரும்பி வந்திருக்கிறது.

அப்பா சொன்ன ஊர்க்கதைக்கு வருகிறேன். நீண்டகாலம் நானும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லித் திரிந்தேன். இலங்கை 1989இலேயே மொன்றியல் உடன்படிக்கையில் சேர்ந்தது எனக்குத் தெரியாது. 1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. அம்மம்மா வீட்டுப் பிரிட்ஜில் அரிசியும் புத்தகங்களும் இருந்தன. எலி கடிக்காத அலுமாரி. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போனபோது, மாமி வீட்டு ஏசியைப் பார்க்க மோட்டார்சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். காஸை வெளியே விடக்கூடாது என்று எனக்கே வகுப்பெடுத்தார். "எனக்குத் தெரியும் அண்ணை. இழுக்கிற மெஷின் வாங்கத்தான் காசில்லை" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பேர்ணில் வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் இயந்திரமும், உரிமமும், அந்த ஒரு மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இருந்தன. மொன்றியல் உடன்படிக்கை வென்றதற்கு ஒரு காரணம், 1990இல் வளர்ந்த நாடுகள் காசு போட்டு ஒரு நிதியம் அமைத்து, மற்ற நாடுகளுக்குக் கருவியும் பயிற்சியும் கொடுத்தது. அந்தத் தம்பியிடம் அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் இது வெல்கின்ற கதை. இப்படியே போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அந்தாட்டிக்காவில் 2066 அளவிலும் ஓசோன் 1980இன் அளவுக்குத் திரும்பும் என்று ஐநாவின் கணிப்பு சொல்கிறது. "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டில் டொக்டர், எஞ்சினியர் என்று மட்டும்தான் பேசுவார்கள், எனக்குத் தெரியும். குளிரூட்டும் இயந்திரங்களைப் பொருத்தித் திருத்தவும் இங்கே நான்கு வருட லேரே இருக்கிறது. அதை எடுக்க விரும்பும் பிள்ளை உங்களில் இருந்தால், அப்பா அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அன்று தராசைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. ஓசோனைக் காப்பாற்றியவர்களில் அவரும் ஒருவர்.