பெரிய ஆற்றின் மின்சாரம்

வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை மான்ட்ரியலில் வையுங்கள், இங்கே கிடைப்பது தூய்மையான மின்சாரம். பொய்யில்லை. கியூபெக்கின் மின்சாரத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது. யோசுவா பெஞ்சியோ 1993இல் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நரம்பு வலையமைப்புகளை நம்பியவர்கள் சிலரே. இன்று அவர் தொடங்கிய மிலா ஆய்வகத்தைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. மலிவான மின்சாரமும் நீண்ட குளிர்காலமும் தரவு மையங்களையும் இழுத்துவந்தன. அந்த மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று பல வருடங்கள் நான் கேட்டதேயில்லை.

அதில் பெரும்பங்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவில் கலக்கும் லா கிராண்ட் ஆற்றில் பிறக்கிறது. 1971 ஏப்ரலில் மாகாண முதல்வர் ரொபேர் பூராசா அத்திட்டத்தை அறிவித்தார். அங்கே தலைமுறைகளாக வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த கிரீ மக்களிடம் யாரும் கேட்கவில்லை, செய்தியாகத்தான் அறிந்தார்கள். பில்லி டயமண்ட் போன்ற, இருபதுகளைத் தாண்டாத இளைஞர்கள் முன்னின்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. 1973 நவம்பர் 15இல் நீதிபதி அல்பெர் மலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை முடக்கியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சுவார்த்தை. 1975 நவம்பர் 11இல் உடன்படிக்கை. கிரீ, இனுவிட் மக்களுக்கு 22.5 கோடி டாலர் இழப்பீடு.

ஆற்றின் முகத்துவாரத்தில், ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் இருந்த ஊர் 1980ஐ ஒட்டிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. புதிய ஊருக்குச் சிசாசிபி என்று பெயர். கிரீ மொழியில் 'பெரிய ஆறு'. நீரில் மூழ்கிய மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அங்கிருந்த பாதரசத்தை மீன்களின் உடலில் சேரும் வடிவத்துக்கு மாற்றின. மீனே உணவாயிருந்தவர்களிடம் மீனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாயி நினைவுதான். 1934இல் மேட்டூர் அணை முடிந்தபோது நீருக்குள் போன ஊர்களில் அவருடையதும் ஒன்று. கோடையில் நீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தி தலைகாட்டும். சிறுவயதில் பரிசலில் போய்ப் பார்த்திருக்கிறேன். அப்பாயி ஒருமுறைகூட வந்ததில்லை. அந்த அணைநீரில் தஞ்சையில் விளைந்த நெல்லை நாங்களும் தின்றோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வற்றாது என்று நினைத்த கியூபெக் மின்சாரமும் இப்போது பங்கீட்டுக்கு வந்துவிட்டது. 2023 முதல் 5 மெகாவாட்டும் அதற்கு மேலும் கேட்கும் புதிய தொழில்களுக்கு மாகாண அரசின் அனுமதி வேண்டும். 2035க்குள் இன்னும் 8,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்க்க வேண்டும் என்கிறது ஹைட்ரோ-கியூபெக். வடக்கின் ஆறுகளைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுகிறது.

சென்ற மாதம் ஓர் அறிக்கையில் 'தூய்மையான' என்பதை அடித்துவிட்டு 'கரியுமிழ்வு குறைந்த' என்று எழுதினேன். கீழே சிசாசிபியைப் பற்றி இரண்டு வரிகள். திருத்தப்பட்டு வந்த பிரதியில் நான் மாற்றிய சொல் அப்படியே இருந்தது. அந்த இரண்டு வரிகள் இல்லை.