'இல்' உருபும் ஆங்கிலத்தின் மூன்று இடச்சொற்களும்

1. ஆய்பொருள்

தமிழ்வழியில் படித்து ஆங்கிலம் எழுதுவோர் இன், ஆன், அட் என்னும் முன்னிடைச்சொற்களில் தடுமாறுவதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் அன்று. அம்மூன்றும் செய்யும் வேலையைத் தமிழில் 'இல்' என்னும் ஓர் உருபே செய்து முடித்துவிடுகிறது. இன்ன பொருளுக்கு இன்ன சொல் என்று மனப்பாடம் செய்வதால் இத்தடுமாற்றம் தீராது. பேசுபவர் அவ்விடத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதே சொல்லை முடிவுசெய்கிறது.

2. தமிழ் மரபு

தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையைக் 'கண்' என்னும் உருபால் சுட்டி, மேல், கீழ், உள், புறம், அயல் முதலியவற்றையும் அதனோடு சேர்த்து எண்ணியது. நன்னூல் 28 உருபுகளைத் தந்து, 'இல்' என்பதைக் கடைசியில் நிறுத்தியது. இன்றைய உரைநடையில் அதற்குத்தான் முதலிடம். நுட்பம் வேண்டுமானால் 'மேல்', 'உள்ளே' என்று விரித்துச் சொல்வோம், வேண்டாவிட்டால் விட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது.

3. மூவகைப் பார்வை

இடம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் அட். பரப்பாகவோ கோடாகவோ தெரிந்தால் ஆன். சூழ்ந்து அடக்கும் வெளியாகத் தெரிந்தால் இன்.

3.1 பொருள் ஒன்று, சொல் இரண்டு

'சுவரில் படம்' என்கிறோம். 'சுவரில் விரிசல்' என்கிறோம். படம் சுவரின் முகப்பில் தொங்குகிறது, ஆகவே ஆன். விரிசல் சுவரின் கனத்துக்குள் ஓடுகிறது, ஆகவே இன். மரத்தில் காய்த்த மாம்பழத்துக்கு ஆன் வரும்; அதே மரத்தில் உட்கார்ந்த குருவிக்கு இன் வரும். பழம் கிளையை ஒட்டியிருப்பது. குருவியையோ இலையும் கிளையுமாகச் சூழ்ந்த வெளி உள்வாங்கிக்கொள்கிறது. சாதாரண நாற்காலிக்கு ஆன் போதும். கைப்பிடி வைத்து ஆளை அணைக்கும் சாய்வு நாற்காலி என்றால் இன்.

3.2 ஆற்றங்கரை ஊர்கள்

திருச்சி காவிரிக்கரையில் இருப்பதைச் சொல்ல ஆற்றின் பெயருக்கு முன் ஆன் போட்டாலே போதும். கரை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆறு இங்கே ஒரு கோடு. இன் போட்டால் மலைக்கோட்டையோடு ஊரே தண்ணீருக்குள் போய்விடும்! ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்ட் அப்பான் ஏவன், ஆன் என்பதன் உறவுச்சொல்லான அப்பானைப் பெயரிலேயே வைத்திருக்கிறது.

4. பள்ளிக்கூட விதி

'பெரிய ஊருக்கு இன், சிறிய இடத்துக்கு அட்' என்ற விதி எளிது. ஆனால் பாதிதான் உண்மை. தீப்பெட்டி எவ்வளவு சிறியது! அதிலுள்ள குச்சிகளுக்கு இன்தான். மதுரை பெருநகரம், அங்கே குடியிருப்பவருக்கு இன் பொருந்தும். ஆனால் ரயில் மதுரையில் நிற்கிறது என்றால் அட். தண்டவாளத்தைப் பொறுத்தவரை மதுரை ஒரு நிறுத்தம், அவ்வளவே. தெருப்பெயருக்குப் பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் இன், அமெரிக்க வழக்கில் ஆன். கதவு எண்ணையும் சேர்த்து முழு முகவரி சொன்னால் இருவருக்கும் அட்.

5. ஊர்திகள்

காருக்கும் ஆட்டோவுக்கும் இன். பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு ஆன். 'உள்ளே நிமிர்ந்து நடக்க முடிந்தால் ஆன்' என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். நினைவில் வைக்க நல்ல உத்திதான், முழு விளக்கம் அன்று. பயணிகளோடு ஓடும் பஸ்ஸுக்குத்தான் ஆன் இயல்பு. சக்கரம் கழன்று ஷெட்டில் கிடக்கும் பழைய பஸ்ஸில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினால் இன் வந்துவிடும். அப்போது அது ஊர்தி அன்று, தகரக் கூடு.