பீங்கான் கட்டையும் வைப்பர் சுவிட்சும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடன் பாடல் பெற்ற தலமாக விளங்கிவந்த விருத்தாசலம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செராமிக் தொழிற்பேட்டையாலும் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பாலும் வேறொரு பெயரையும் ஈட்டிக்கொண்டது. வெளியூரார் அவ்வூரை அகல் விளக்கோடும் பொம்மையோடும் சேர்த்தே நினைக்கிறார்கள். எனினும் அங்குள்ள பட்டறைகளில் உருவான பொருள்களில் சமூக வரலாற்றுக்கு மிகுதியும் பயன்படுவது, மின்பலகையில் பொருத்தப்படும் வெள்ளை நிறப் பியூஸ் கட்டையே ஆகும்.

இத்தொழில் அங்கே வேர்விட்டதற்கு மண்ணே முதற்காரணம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரிக் கழகம் தோண்டிய சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலுள்ள அடுக்குகளிலிருந்து வெண்களிமண்ணும் வெளிப்பட்டது. விழுப்புரம்–திருச்சி இருப்புப்பாதையிலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் கிளைகள் பிரியும் சந்திப்பாக விருத்தாசலம் இருந்தமையால், சரக்குப் போக்குவரத்துக்கும் குறைவில்லை. அக்காலத்தில் அன்றைய சென்னை மாநிலம் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்வதிலும் பம்புசெட் இணைப்பு வழங்குவதிலும் முனைப்புக் காட்டியதால், மின்காப்புப் பீங்கானின் தேவையும் ஊர்தோறும் பெருகியது.

களிமண்ணோடு படிகக்கல் தூளும் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத் தூளும் சேர்ந்ததே மின்காப்புப் பீங்கான். இக்கலவையைச் சற்றே ஈரமான பொடியாக்கி, இரும்பு அச்சில் இட்டுத் திருகு அழுத்தியால் அழுத்தி, உலர்த்தி, மெருகுப் பூச்சு கொடுத்து, 1,200 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுவார்கள். சுடும்போது பொருள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்பதால், அச்சு வெட்டுபவர் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். எவ்வளவு கணக்கிட்டாலும் நுண்ணிய அளவில் சிறு வேறுபாடு தங்கிவிடும். பியூஸ் கட்டைக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று, ஏனெனில் பித்தளை முனைகள் பிறகே திருகப்படுகின்றன.

இக்கட்டை பேஸ், கேரியர் என இரு பாகங்களால் ஆனது. மின்னோட்டம் மிகும்போது கேரியரில் கட்டிய வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கும். வீட்டிலுள்ளவரே மெயினை அணைத்து, கேரியரைப் பிடுங்கி, புதுக் கம்பி கட்டி மீண்டும் செருகிவிடலாம். பழுதாவதும் பழுது நீங்குவதும் அதன் வடிவமைப்பிலேயே அடங்கியிருந்தன. அடிக்கடி பியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டிக் காப்பையே கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சிறு மின்சுற்று முறிப்பான், அதாவது எம்.சி.பி., இக்கட்டையின் இடத்தைப் பிடித்தது அலங்காரத்துக்காக மட்டுமன்று.

வீட்டு மின்சாரத்தின் கதை இப்படியிருக்க, வாகன மின்சாரத்தின் வரலாறு வேறு வழியில் சென்றது. 1903இல் அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற, முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், வண்டிக்குள்ளிருந்து கையால் இயக்கும் நெம்புகோலாகவே இருந்ததால் அதற்குச் சுவிட்ச் தேவைப்படவில்லை. அடுத்து வந்தது எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் இயங்கும் வகை. மேட்டில் ஏறும்போது அது தளர்ந்துவிடும். மின்மோட்டார் அக்குறையைத் தீர்த்தது. தமிழ்நாட்டில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனம் சென்னைப் பாடியில் வாகன மின்கருவிகளைத் தயாரிக்கலாயிற்று. வைப்பர் சுவிட்சின் உடல் பீங்கானாக அமையாததற்குக் காரணம் எளிது: வண்டியின் 12 வோல்ட்டுக்கு அத்தகைய காப்பு வேண்டியதில்லை, ஓயாத அதிர்வில் பீங்கான் விரிசல் விடும், நுண்ணிய அளவுகளும் அதற்குப் படியா. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டும் பின்வந்த நெகிழிகளும் அவ்விடத்தை எடுத்துக்கொண்டன. பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் மட்டும் உயர் மின்னழுத்தத்தின் பொருட்டு வெண்பீங்கானின் உறவான அலுமினா நிலைத்தது; டீசல் வண்டியில் அந்தப் பிளக்கும் கிடையாது.

இன்றைய சிறு சரக்கு வண்டிகளில் வைப்பர் சுவிட்ச் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்தில் தண்டுக் கைப்பிடியாக அமைந்துள்ளது. அணைத்த பின்னும் வைப்பர் கை கண்ணாடியின் அடிவிளிம்புக்குத் திரும்பும்வரை மோட்டாருக்கு மின்சாரம் தருவதற்கெனத் தனிக் கம்பி ஒன்று அச்சுவிட்ச் வழியே செல்கிறது. எனவே வைப்பர் நடுக்கண்ணாடியில் நின்றுவிட்டால் மோட்டாரிலுள்ள நிறுத்துத் தொடுமுனை, சுவிட்ச் ஆகிய இரண்டையும் சோதிக்க வேண்டும். ஒரு வேகம் மட்டும் இயங்காதபோது சுவிட்சின் தேய்ந்த தொடுமுனைகள் காரணமாக இருக்கலாம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டின் நெகிழி உறையைத் திருகு நீக்கிப் பிரித்து, கனெக்டரை உருவி, பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது பல வண்டிகளில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். காற்றுப்பை உள்ள வண்டியில் மட்டும் அவ்வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே முறை.

ஆயினும் இங்கே நடப்பது மாற்றுதலே, பழுதுநீக்கம் அன்று. பல சுவிட்சுகளின் உறை திறப்பதற்கென அமைக்கப்படுவதில்லை. தொடுமுனையில் படிந்த கரியைச் சுரண்டினால் தீரக்கூடிய குறைக்கும் முழுச் சுவிட்சையும் வாங்க நேர்கிறது. கைத்திறன் குறைந்துவிட்டதாக வாகன உரிமையாளரைக் குறைகூறுவது பொருந்தாது. கைவைக்க இடமில்லாதபடி செய்தது தயாரிப்பு முறையே. மாறாக, கம்பி கட்டி மீண்டும் பயன்படுத்தும் பீங்கான் கட்டைகள், வயல்வெளி மோட்டார் கொட்டகைகளின் இரும்புப் பெட்டிகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன.