கியர் ஏன் விழவில்லை? வலக்கால் புல்லட்டின் வரலாறு

தமிழில் கியரைப் போடுவது மனிதர், விழுவது கியர். ‘போட்டேன், விழவில்லை’ என்னும் எளிய வாக்கியத்தில் காலின் முயற்சியும் பொறியின் இசைவும் தனித்தனியே நிற்கின்றன. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியே இடுக்கிக்குள் நுழைவோருக்கும், பாலக்காட்டில் நெம்மாராவிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறுவோருக்கும் இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது. இறக்கத்தில் இரு கியர்களுக்கு நடுவே எதுவும் சிக்காமல் ‘பொய் நியூட்ரல்’ ஆகிவிட்டால், எஞ்சினின் பிடிப்பு அற்று, வண்டி பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும்.

பழைய புல்லட்டில் இச்சிக்கலின் வேர் 1950களில் இருக்கிறது. இந்திய இராணுவத்துக்காக இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து புல்லட்டுகளைத் தருவித்த மெட்ராஸ் மோட்டார்ஸ், 1955இல் ரெட்டிச் நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. திருவொற்றியூர்த் தொழிற்சாலைக்கு எஞ்சினுடன் ஆல்பியன் வகை நான்கு கியர் பெட்டியின் வடிவமைப்பும் வந்து சேர்ந்தது. கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு; முதல் கியர் மேலே, ஏனைய மூன்றும் கீழே. நியூட்ரலை நேரே பிடிக்கக் குதிகாலால் அழுத்தும் சிறு நெம்புகோலும் உண்டு.

1970களின் நடுவில் அமெரிக்கா இடப்புறக் கியரை விதியாக்கியது. உலகச் சந்தை அதனைப் பின்பற்றியது. தாய்நிறுவனம் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூர் வலப்புறத்திலேயே நின்றது. இடக்கால் ஐந்து கியர் பெட்டி 2000களில்தான் பரவியது. ஆகவே இன்றைய வண்டியில் பழகிய வலக்கால், அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிக்கிறது. இப்பெட்டியில் கீழ்நோக்கிய மிதி மேல் கியருக்கான கட்டளை. இதில் பொறியின் பிழை ஏதுமில்லை. இரு காலங்களின் பழக்கங்கள் ஒரே காலில் மோதுகின்றன.

பொறியின் பிழையை அறிய ஓர் ஒழுங்கு உண்டு. நின்ற வண்டியில் நியூட்ரல் கிடைக்காமல், முதல் கியர் உரசலுடன் விழுந்தால், கியர் பெட்டியைத் தொடுமுன் கிளட்சைப் பார்க்க வேண்டும்: கேபிளின் தளர்வு மிகுந்திருக்கலாம், தட்டுகள் ஒட்டிக்கொண்டு முழுமையாகப் பிரியாமலும் இருக்கலாம். அடுத்து, கியர் நெம்புகோல் தண்டில் தளர்ந்துள்ளதா என்பதையும் பெட்டியின் எண்ணெய் அளவையும் நோக்க வேண்டும். ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரைகுறையாகவும் விழுந்தால், கால்மாற்றி அமைப்பின் தடுப்புத் தகடு இடம் பிறழ்ந்திருக்கக்கூடும். போல்ட்டுகளைத் தளர்த்தி அதனைச் சிறிது நகர்த்தினாலே போதும். விழுந்த கியர் ஏற்றத்தின் சுமையில் வெளியே துள்ளினால் மட்டுமே பற்களின் தேய்மானத்தை ஐயுற்றுப் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

இவ்வொழுங்கிற்கு இடமளித்தது பழைய அமைப்பே. அதில் எஞ்சின் வேறு, கியர் பெட்டி வேறு. எஞ்சினைத் திறக்காமலே கியரைச் சீர்செய்யும் வாய்ப்பு, பட்டறைகள் அரிதான மலையூர்களில் சிறிய நன்மையன்று. 2009இல் வந்த கிளாசிக் மாதிரியில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் அடங்கின; அடிக்கடி சரிசெய்யும் தேவை குறைந்தது, சாலையோரத்தில் ஒரு ஸ்பேனருடன் கற்கும் வாய்ப்பும் குறைந்தது. பழைய புல்லட்டைத் ‘தேய்ந்த வண்டி’ என்று ஒதுக்குவோர், இறக்கத்தில் இறங்குமுன் அதன் கிளட்ச் கேபிளையும் தங்கள் வலக்காலின் பழக்கத்தையும் ஒருமுறை சோதிப்பது நல்லது.